அங்கோரா முயல் வளர்ப்பு: கூண்டில் செய்தது ராட்டைக் கதிரில் தெரியும்

மென்மையான நீள முடிக்காக வளர்க்கப்படும் அங்கோரா முயலை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப்பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு கிலோ முடி என்ன விலைக்குப் போகும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு நூற்கத் தெரியுமா?" தெரியாது என்றால், முயல் வாங்குவதற்கு முன் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். எங்கள் பக்கத்தில் அங்கோரா முடியை மூட்டையாக எடுத்துக்கொள்ளும் வியாபாரி எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முயலை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதை ராட்டை சொல்வதுபோல் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். கூண்டில் ஈரம் நின்றதா, தீவனம் குறைந்ததா, கத்தரி மொட்டையா, எல்லாமே நூலில் வந்து நிற்கும். முடியை விற்றுவிட்டுப் போகிறவருக்கு இது எதுவும் தெரிய வராது. அதனால் அவர் வளர்ப்பு மேம்படவும் வழியில்லை.

நாங்கள் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கு அப்பால். வீட்டுக்காரர் பூண்டும் கேரட்டும் போடுகிறார். நான் பிறந்து வளர்ந்தது கீழே சின்னாளப்பட்டிப் பக்கம். அம்மா கதர் நூற்றவர். காந்திகிராமம் பக்கத்திலேயே இருந்ததால் கையால் சுழற்றி நூற்கும் தக்ளியும் ராட்டையும் எங்களுக்குப் புதிதில்லை. வாழ்க்கைப்பட்டு இந்தக் குளிருக்கு வந்த பிறகு, நூற்றுப் பழகிய கைக்கு இங்கே என்ன வேலை என்று தேடியபோது கிடைத்ததுதான் அங்கோரா. மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ செம்மறிகளைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் ரோமத்துக்காக விலங்கு வளர்ப்பது பற்றியே யோசித்தேன். அதே நிறுவனத்தின் இன்னொரு நிலையம் இமாச்சலப் பிரதேசத்தில், குலு பள்ளத்தாக்கில் கர்சா என்ற ஊரில் இருக்கிறது. நம் நாட்டில் ஜெர்மன் அங்கோரா என்ற முயல் இனத்துக்குப் பேர்போன இடம் அது. குலுவில் பெண்கள் வீட்டிலேயே அங்கோரா நூற்றுச் சால்வைக்கும் மப்ளருக்கும் கொடுக்கிறார்கள்.

குலு, கொடைக்கானல் என்று சொல்லும்போதே விஷயம் புரிந்திருக்கும். இது குளிர் ஊருக்கான பிராணி. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியே விட அதற்கு இருப்பது காதும் மூச்சும்தான். அதன்மேல் கம்பளியையும் போர்த்திவிட்டால் என்ன ஆகும்? 30 டிகிரியைத் தாண்டினால் மூச்சு வாங்கும், தீவனத்தைக் குறைக்கும். 35 டிகிரியை ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆண் முயலின் இனப்பெருக்கத் திறனும் சூட்டில் கெடும். கொடைக்கானலில் சித்திரை மாதத்திலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அதனால் இங்கே சரிப்படுகிறது. மதுரையிலும் திருச்சியிலும் இருப்பவர்கள் ஏசி போட்டு வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மின்சாரம் ஒரு மத்தியானம் போனால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மலைக்கே கொண்டுவருவதாக இருந்தாலும் வத்தலகுண்டைத் தாண்டுவது இரவாக இருக்கட்டும். அடிவாரத்துப் பகல் வெயிலில் வண்டியில் அடைத்துக் கொண்டுவரக் கூடாது.

கூண்டைப் பற்றி எல்லோரும் அளவுதான் கேட்பார்கள். ஒரு பெரிய முயலுக்கு இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலம் குறைந்தபட்சம் வேண்டும், கூடுதலாக இருந்தால் நல்லது. அடிக்கம்பி வலையின் கண் ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலம் இருந்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும், பாதமும் உள்ளே போகாது. ஒரு மூலையில் உட்கார்ந்து இளைப்பாற மரப்பலகை வையுங்கள். நாள் முழுக்கக் கம்பியிலேயே நின்றால் பின்னங்காலில் புண் வரும். இதெல்லாம் எந்த முயலுக்கும் பொருந்தும். அங்கோராவுக்கென்று தனியாக யோசிக்க வேண்டியது இரண்டு: தண்ணீரும் புல் தொட்டியும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தாடையும் நெஞ்சும் நனையும். நனைந்த ரோமம் உரசி உரசிச் சடை பிடிக்கும். நிப்பிள் குழாய் வைத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. புல் தொட்டியைத் தலைக்குமேல் தொங்கவிட்டால் முயல் புல்லை இழுக்கும்போதெல்லாம் தூசும் விதையும் கழுத்திலும் முதுகிலும் கொட்டும். அங்கோராவில் செம்மறிக் கம்பளி போல எண்ணெய்ப் பிசுக்குக் கிடையாது. அதனால் கழுவாமல் அப்படியே நூற்கலாம். இது பெரிய வசதி, ஆனால் முதுகில் விழுந்த புல் துணுக்கு நேராக நூலுக்குள் வந்துவிடும் என்பதும் இதனால்தான். தொட்டியை நெஞ்சு உயரத்தில் பக்கவாட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் தொட்டியை இறக்கி வைத்த பிறகு வெட்டிய ரோமத்தை எடுத்தபோது, முதுகுப் பகுதியைப் பொறுக்கிச் சுத்தம் செய்யும் வேலையே கிட்டத்தட்ட இல்லாமல் போனது.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழையும் மூடுபனியும் விடாது. கொட்டகையைச் சாக்குப் போட்டு மூடிவிடத் தோன்றும். காற்று வருகிற பக்கத்தை மட்டும் மறையுங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். முழுக்க மூடினால் மூத்திர நெடி உள்ளேயே தங்கி முயலுக்கு மூக்கு ஒழுகும், தும்மல் வரும். அடிவயிற்று ரோமம் மஞ்சள் கறை ஏறி வீணாகும். நீங்கள் குனிந்து கூண்டுக்குள் முகத்தை வைக்கும்போது கண் எரிந்தால், அதற்கும் எரிகிறது என்று பொருள்.

தீவனத்துக்கு வருகிறேன். ரோமம் என்பது கெரட்டின், அதாவது கந்தகச் சத்துள்ள புரதம். மெத்தியோனின், சிஸ்டைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் போதவில்லை என்றால் முயல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ரோமம் மட்டும் நலிந்து வரும். குச்சித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். நான் அதோடு கொஞ்சம் எள்ளுப் பிண்ணாக்கு சேர்க்கிறேன். மற்ற பிண்ணாக்குகளைவிட அதில் மெத்தியோனின் கூடுதல். கடலைப் பிண்ணாக்கு இந்த ஈரக் காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சைக் கொஞ்சமும் தாங்காத பிராணி முயல். லேசாக வாடை மாறியிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

ரோமம் வெட்டிய முதல் மாதம்தான் தீவனம் அதிகம் கேட்கும் காலம். போர்வை போய்விட்டதால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் வேண்டும், புது ரோமமும் வளர வேண்டும். அந்த நேரத்தில் வழக்கமான அளவையே வைத்தால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும். எப்படிப் பார்ப்பது? ஒரு சின்னக் கற்றையை எடுத்து இரண்டு முனையையும் இரு கையால் இறுக்கிப் பிடித்து, காதருகே வைத்துச் சட்டென்று சுண்டி இழுங்கள். நல்ல ரோமம் கம்பி தெறிப்பதுபோல் ஒலிக்கும், அறாது. நலிந்தது சரசரவென்று பிரியும். சில சமயம் ஒரே இடத்தில், வரிசையாக, எல்லா இழையும் அறும். அந்த இடம் வளர்ந்த நாட்களில் முயல் காய்ச்சலிலோ பசியிலோ இருந்திருக்கிறது.

பச்சைத் தீவனத்தில் எங்களுக்குக் கிக்குயு புல்லும் கேரட் தழையும் பஞ்சமில்லை. கேரட் தழை மருந்தடித்த தோட்டத்திலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா அன்போடு ஒரு கூடை கொண்டுவந்து வைப்பார், வாங்கிப் பசுவின் எருக்குழியில்தான் போடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டார். உருளைக்கிழங்குத் தழை ஆகவே ஆகாது. முட்டைக்கோஸ் இலை அதிகமானால் வயிறு ஊதும். கீழே இருந்து வருகிறவர்கள் ஆட்டுக்குப் போடும் சவுண்டல் தழையைச் சொல்வார்கள். அதில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது, அது முடியை வேரோடு உதிர வைக்கும். பிரான்சில் அங்கோரா முயலின் ரோமத்தை எடுப்பதற்கென்றே மிமோசின் உள்ள ஒரு தீவனத்தை அளந்து கொடுக்கும் பழக்கம் உண்டு. அளவு தெரியாமல் நாம் அதில் கைவைக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் காய்ந்த புல். முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும், ரோமம் வயிற்றுக்குள் போகும். பூனைபோல் வாந்தி எடுக்க அதற்கு முடியாது. போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போக நார் வேண்டும். காலையில் கொட்டகைக்குப் போனதும் நான் முயலைப் பார்ப்பதற்கு முன் அதன் புழுக்கையைப் பார்ப்பேன். ஒன்றோடொன்று முடியில் கோத்துக்கொண்டு வந்தால், அல்லது அளவு சிறுத்தால், குச்சித் தீவனத்தை நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லா முயலுக்குமே வெறும் புல்தான். அன்னாசிச் சாறும் பப்பாளியும் கொடுத்தால் முடி கரைந்துவிடும் என்கிறார்கள். அவற்றில் உள்ள நொதிகள் சாதாரணப் புரதத்தை உடைக்கும், கெரட்டினை உடைக்காது. அரை நாளாக எதையும் தொடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும் முயலுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, கத்தரிக்கு வருவோம். ஜெர்மன் அங்கோராவின் ரோமம் தானாக உதிர்வது குறைவு. 75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் நீளம் கிடைக்கும் என்று நினைப்பது தப்பு. சடைதான் கிடைக்கும், வயிற்று அடைப்பும் வரும். நல்ல முயல் ஒரு வெட்டுக்கு 150 முதல் 200 கிராம் வரை தரும். பெண் முயல் ஆணைவிடக் கூடுதலாகத் தரும். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தரும் வம்சங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கை இங்கே போட்டு வரவு செலவு எழுதாதீர்கள்.

2013-இல் சீனப் பண்ணைகளில் முயலைக் கட்டிப்போட்டு உயிரோடு ரோமத்தைப் பிடுங்கும் காணொளியைப் பீட்டா அமைப்பு வெளியிட்டது. எச் அண்ட் எம் போன்ற பெரிய துணி நிறுவனங்கள் அங்கோராவை நிறுத்தின. உலக அங்கோராவில் பெரும்பங்கு சீனாவில்தான் உற்பத்தியானது. அதைப் பார்த்தவர்கள் என்னிடம் "இது பாவமில்லையா?" என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, கேட்கத்தான் வேண்டும். முயல் அலறுகிற மாதிரி ரோமம் எடுக்கிறவர் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. கத்தரியால் பொறுமையாக வெட்டினால் முயலுக்கு வலி கிடையாது. பழகியது மடியில் தூங்கக்கூடச் செய்யும்.

மேசைமேல் சாக்கு விரித்து, முயலை நிறுத்தி, முதுகுத்தண்டு நெடுக ரோமத்தை வகிடு எடுங்கள். நுனி மழுங்கிய நல்ல கத்தரியைத் தோலோடு படுக்கை வசமாக வைத்து, வகிட்டிலிருந்து பக்கவாட்டில் வரிசை வரிசையாக இறங்குங்கள். இடது கையால் ரோமத்தைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. தூக்கினால் தோலும் கூடாரம்போல் எழும்பும், முயல் தோல் காகித மெல்லிசு, கத்தரி அதையும் சேர்த்து வெட்டிவிடும். தோலை இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். விலாவுக்கும் தொடைக்கும் நடுவே தொங்கும் தோலிலும், பெண் முயலின் காம்புகளைச் சுற்றியும் கண்ணை எடுக்காதீர்கள். ஒரு வெட்டில் சரியாக வராத இடத்தில் மறுபடி வெட்டிச் சமன் செய்யும் ஆசை வரும். விட்டுவிடுங்கள், முயல் ஒன்றும் கண்ணாடி பார்க்கப் போவதில்லை. அந்த இரண்டாம் வெட்டில் விழும் அரை அங்குலத் துணுக்குகள் நல்ல ரோமத்தோடு கலந்தால் நூல் முழுக்க முடிச்சு முடிச்சாக வரும்.

வெட்டும்போதே மூன்று காகிதப் பைகளில் பிரித்துவிடுவேன். முதுகும் விலாவும், ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது, ஒரு பையில். கழுத்து, வயிறு இரண்டாவது. சடை பிடித்ததும் கறை பட்டதும் மூன்றாவது. பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம் என்றால் முடியாது, எல்லாம் ஒன்றாகிவிடும். முதல் பையில் கற்றைகளின் வெட்டுமுனை எல்லாம் ஒரே பக்கம் இருக்குமாறு அடுக்கி, காகிதத்தைப் பரப்பி அடுத்த அடுக்கு. அமுக்கக் கூடாது, அமுக்கினால் பைக்குள்ளேயே திரண்டுவிடும். பூச்சிக்கு வசம்புத் துண்டு ஒன்று போதும். ரோமம் வெட்டிய முயலுக்கு ஒரு வாரம் காற்றுப் படாத கூண்டு, உள்ளே வைக்கோல் நிரப்பிய பெட்டி. இந்த மலைக் குளிரில் இதை மறந்தால் முயல் போய்விடும்.

ராட்டைக்கு வருகிறேன். கம்பளி நூற்பதற்கென்று வெளிநாட்டு மாதிரியில் வரும் கால்மிதி ராட்டையில் பலரும் அங்கோராவை ஆரம்பித்துவிட்டு, நூல் நிற்கவே இல்லை என்று கைவிடுகிறார்கள். மேலே வந்திருந்த அம்மா ஒரு கற்றையை வாங்கி விரலிடுக்கில் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இது பஞ்சுடி, கம்பளி இல்ல. பெட்டி ராட்டையை எடு" என்றார். நானும் அதுவரை கம்பளியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது அத்தனையும் சரி. அங்கோரா இழையின் பருமன் 11 முதல் 15 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே உள்ள செதில்கள் படிந்து கிடப்பதால் வழுக்கும், கம்பளியின் சுருள் இதில் இல்லை. இழையை இழையோடு பிடித்து வைக்க முறுக்கு ஒன்றுதான் வழி. பருத்திக்கும் இதே கதைதான். பெட்டி ராட்டை என்பது பெட்டிக்குள் மடக்கி வைக்கிற, பருத்தி நூற்கும் ராட்டை. அதில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், நூலை முறுக்கும் கதிர் பல பத்துச் சுற்றுச் சுற்றிவிடும், அந்த வேகம்தான் இதற்கு வேண்டும். தக்ளியும் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றிய பாட்டிமார் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், எந்த வகுப்புக்கும் போக வேண்டாம்.

கற்றையை இடது கையில் பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். கதிர் நுனியில் கொஞ்சம் முறுக்கு ஏறியதும் கையை நிதானமாகப் பின்னால் இழுங்கள், இழை தானாகப் பிரிந்து வரும். விரல் இறுகினால் வராது, அவசரப்பட்டால் அறும். போதும் என்று தோன்றும் முறுக்குக்கு மேலும் கொஞ்சம் கொடுங்கள். நூல் தொடும்போது கரடாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், கழுவிய பிறகு மாறும். தை, மாசியின் வறட்டுக் காற்றில் ரோமம் மின்னேறிக் கையில் ஒட்டும், புடவையில் ஒட்டும், முகத்தில் பறக்கும். அப்போது கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டால் அடங்கும். மூடுபனி நாளில் அந்தத் தொல்லையே இல்லை, நான் நிறைய நூற்பது அப்போதுதான். மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

நூற்ற நூல் இரண்டைக் கூட்டி எதிர்த்திசையில் முறுக்கி, வளையமாகச் சுற்றிச் சிட்டம் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு ஊற வையுங்கள். கசக்காமல் பிழிந்து, சிட்டத்தை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். அப்போதுதான் இழைநுனிகள் வெளியே எழும்பி அந்தப் புகைபோன்ற மென்மை வரும்.

முழு அங்கோராவில் ஸ்வெட்டர் பின்ன ஆசைப்படாதீர்கள். இழைக்குள் காற்றறைகள் இருப்பதால் போட்டவருக்குச் சூடு தாங்க முடியாது, இழுபட்டு மீளும் தன்மை இல்லாததால் கைப்பட்டியும் இடுப்பும் தொங்கிப்போகும். மப்ளர், குல்லா, கையுறைக்கு அற்புதம். ஸ்வெட்டருக்கு மெரினோ செம்மறிக் கம்பளி எழுபது பங்கு, அங்கோரா முப்பது பங்கு என்று கம்பிப்பல் பிரஷால் வாரிக் கலந்து நூற்றால் மெரினோ வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், மென்மை அங்கோராவுடையது. கைக்குழந்தைக்கு மட்டும் இதில் எதுவும் பின்னாதீர்கள், பறக்கும் இழை வாயிலும் மூக்கிலும் போகும்.

குட்டி எடுப்பதாக இருந்தால் தாய் முயலின் ரோமத்தை வெட்டிய பிறகு சேர்க்கை விடுங்கள். சினை 30, 31 நாள். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். நீள ரோமம் குட்டிகளின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொண்டு உயிரைப் பறிப்பது உண்டு. அந்த ரோமத்தை எடுத்துச் சின்னதாக நறுக்கிப் போட்டுவிடுங்கள். எலி வராத பெட்டியாக இருக்கட்டும். காதுக்குள் பொருக்குத் தட்டினால் அது சொறி உண்ணி, மருத்துவர் சொல்லும் ஊசி போட்டால் சரியாகும். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்குப் போடவே கூடாது, அது நஞ்சு.

புழுக்கையை மக்க வைக்காமல் நேராகவே பூண்டுப் பாத்திக்குப் போடலாம். முயலே வேண்டாம் என்றிருந்த வீட்டுக்காரர் இப்போது புழுக்கைக்காகவே கொட்டகையைக் கூட்டுகிறார்.

கடைசியாக, வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அங்கோரா ஏழெட்டு ஆண்டு இருக்கும். ரோமம் நன்றாக வருவது முதல் நாலு ஆண்டு. அதன்பின் அடர்த்தி குறையும், ஆனால் வெட்டும் வேலை குறையாது. வயதான முயலுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரோமம் வெட்டத்தான் வேண்டும், அதற்கும் அதே புல், அதே தீவனம். எங்கள் கொட்டகையில் கிழக்குப் பக்க வரிசை முழுக்க அவைதான். அவற்றின் ரோமத்தைத் தலையணையில் அடைக்கிறேன், நூலுக்கு ஆகாது. நீங்கள் கூண்டு எண்ணிக்கை போடும்போதே அந்த வரிசையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.